பதினோரு மணி அக்கா

சர்வர் அறையைப் பெருக்கித் துடைப்பது அவளுடைய வேலையில் சேர்ந்ததல்ல. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், செருப்பை வெளியே விட்டுவிட்டு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில், கூரை சரிவாக இருக்கும் அந்த அறையில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். துப்புரவுக்காரர்களை அங்கே விடுவதில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு அம்மா, தூசி உறிஞ்சும் மெஷினைச் செருக இடம் தேடி, சுவரில் இருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அது யூ.பி.எஸ். பிளக். பேட்டரி இருபது நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டுக் கண்ணை மூடியது. அன்று வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்கு வந்து உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் பசி தாளாமல் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டதாம். அன்றிலிருந்து அந்த அறைக்கு ஒரே சாவி. அது இவள் கழுத்தில்.

துடைத்து முடித்து, ஏ.சி.க்குக் கீழே சொட்டும் தண்ணீருக்கு வைத்திருந்த பக்கெட்டைக் கொட்டிவிட்டு வந்தாள். இன்றைக்குத் தூசி ஒரு துளி இருக்கக் கூடாது. மெஷினைத் திறக்கப் போகிறாள். மேஜை மேல், நிலைமின் தடுப்புப் பையில் சுற்றின எட்டு ரேம் மெமரிப் பட்டைகள், முட்டை அட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகப் படுத்திருந்தன. மூன்று வருடம் கேட்டு வாங்கியவை.

அந்த ஸ்கேன் சென்டரில் அவளுக்குப் பெயர் பதினோரு மணி அக்கா. வாசலில் டோக்கன் பார்ப்பவரிலிருந்து மேல்மாடி டாக்டர்கள் வரை அப்படித்தான் சொல்வார்கள். காரணம் இதுதான். மூன்று கிளைகளிலும் எடுக்கிற எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாம் இந்த ஒரு சர்வரில்தான் வந்து விழும். டாக்டர்கள் படத்தைக் கேட்கும்போது எடுத்துக் கொடுக்க ஒரு புரோகிராம் உண்டு. அதற்கு ஒரு கெட்ட பழக்கம். கேட்டதையெல்லாம் மெமரியில் வாங்கிப் போட்டுக்கொள்ளும், திருப்பித் தராது. காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பதினோரு மணிக்கெல்லாம் வயிறு முட்டிவிடும். இடமில்லாததை டிஸ்க்கில் கொண்டுபோய் எழுத ஆரம்பிக்கும். அவ்வளவுதான், அப்புறம் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே திறப்பதற்குள் டாக்டர் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அதனால் தினமும் பத்து ஐம்பதுக்கு அந்தப் புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட விடுவாள். நாற்பது விநாடி வேலை. கடிகாரத்திடம் அதை ஒப்படைக்க முடியாது. யாராவது டேபிளில் படுத்திருக்கும்போது நிறுத்தினால் பாதிப் படம் காற்றில் போய்விடும். அதனால் ஒவ்வொரு அறைக்கும் போன் போட்டு, "டேபிள்ல ஆள் இருக்கா? இறக்கிட்டீங்களா? சரி, ஒரு நிமிஷம் யாரையும் ஏத்தாதீங்க" என்று கேட்டுக் கேட்டு, எல்லா டேபிளும் காலியாகிற அந்த ஒரு இடைவெளியைப் பிடிக்க வேண்டும். மூன்று வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலோடு வந்து பிடித்திருக்கிறாள். அப்பா இறந்த மறுநாள் வந்து, நாற்பது விநாடி வேலையைச் செய்துவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பிப் போயிருக்கிறாள். மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பதினோரு மணி வாக்கில் திரை கொஞ்ச நேரம் சுற்றும் என்பதுதான்.

அவள் இதற்காகப் படித்தவள் அல்ல. வந்து சேர்ந்தது வரவேற்பு மேஜையில், வருகிறவர்களின் பெயரும் வயதும் தட்டச்சு செய்ய. சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போய்விட்டான். அவன் மேஜை டிராயரில் இருந்த சாவியை யாரும் தொடப் பயந்தார்கள். இவள் பயப்படவில்லை, அல்லது பயத்தைக் காட்டத் தெரியவில்லை. அவ்வளவுதான் தகுதி. மற்றதெல்லாம் விட்டுப்போன மேனுவலைப் படித்தும், கம்பெனிக்காரர்களைப் போனில் நச்சரித்தும், இரண்டு முறை தப்பு செய்து அழுதும் கற்றது. பதினோரு வருடம் ஆயிற்று. இரண்டு வருடம் முன்பு வேறொரு ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தாள்.

"சர்டிபிகேட் கொண்டாந்தீங்களா?" என்றான் அங்கே இருந்தவன்.

"ஒன்பது வருஷமா இதான் பண்றேன், தம்பி."

"அது சரிம்மா. பேப்பர்ல ஏதாவது இருக்கா?"

இல்லை. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையை விட்டால் அவளுக்கு இந்தத் தொழிலில் வேறு அறை கிடையாது. ஐம்பத்திரண்டு வயது. வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வலது தோள்பட்டை போய், கை தலைக்கு மேல் எழும்பாது. நான்கு வருடமாக வீட்டில்தான். மகள் நர்சிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில். ஆக, அந்தச் சாவி கழுத்தில் தொங்குகிற வரைதான் வீடு நிற்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லித் தெரிய வேண்டிய விஷயமும் இல்லை.

முதல் மூன்று கடிதங்களை அவள் தனக்குத் தெரிந்த மாதிரி எழுதினாள். ரேம் போதவில்லை, இருப்பது நூற்று இருபத்தெட்டு ஜி.பி., தேவைப்படுவது இவ்வளவு, காலி ஸ்லாட் பதினாறு இருக்கிறது என்று, படம் வரைந்து, அம்புக்குறி போட்டு. ஒன்றுக்கும் பதில் இல்லை. நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்வது சென்டர் முதலாளியான பெரிய டாக்டரின் மாப்பிள்ளை. எல்லோருக்கும் அவர் பெயரே மாப்பிள்ளைதான், அவர் இல்லாதபோது. அம்புக்குறியைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுகிற ஆள்.

நான்காவது கடிதத்துக்கு முந்தைய ராத்திரி, சாப்பாட்டின்போது வீட்டுக்காரர்தான் வழி சொன்னார்.

"நீ எழுதறது உனக்குத்தான் புரியும். அந்த ஆளுக்கு ஜி.பி.ன்னா என்ன தெரியும்? அவருக்கு எது உறைக்கும்னு பார்த்து எழுது."

"என்னன்னு எழுதட்டும்?"

"இந்த ஒரு வேலைக்காகவே தினமும் ஒரு ஆள் இங்க நிக்க வேண்டியிருக்குன்னு எழுது. அப்பத்தான், அடடா, இந்தப் பொம்பள எவ்வளவு பாடுபடுதுன்னு தெரியும்."

அதை அப்படியே எழுத்து நடைக்கு மாற்றி, கடைசிக்கு முந்தைய வரியாகச் சேர்த்தாள். ஒன்பதே நாளில் அனுமதி வந்தது. வீட்டுக்காரர் அன்று முழுவதும் தெனாவெட்டாக நடந்தார். "பட்டறையில இருபது வருஷம் முதலாளிக்கு லெட்டர் எழுதினவன்டி நான்" என்று இடது கையால் மீசையை நீவிக்கொண்டார்.

ஞாயிறு மதியத்தோடு சென்டர் மூடிவிடும். உதவிக்கு எக்ஸ்ரே அறைப் பெண்ணை இருக்கச் சொல்லியிருந்தாள். முப்பது வயதுக்காரி, வாய் நிற்காது, ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பவள். சர்வரை முறைப்படி அணைத்து, பின்னால் இரண்டு பவர் வயரையும் உருவி, மிச்ச மின்சாரம் இறங்குவதற்காகப் பொத்தானைப் பத்து எண்ணுகிற வரை அழுத்திப் பிடித்தாள்.

"செத்துப்போச்சே, இன்னும் ஏன் அக்கா கழுத்த நெரிக்கிறீங்க?"

"உள்ள கொஞ்சம் உயிர் ஒட்டிட்டிருக்கும். நீ அந்தப் பக்கம் வா. உன் பக்கம் ஒரு கொக்கி, என் பக்கம் ஒரு கொக்கி. ஒரே நேரத்துல அழுத்தி இழுக்கணும்."

"முன்ன பின்ன அழுத்திட்டா?"

"கால்ல விழும். இருபத்தஞ்சு கிலோ."

"விழட்டும். எக்ஸ்ரே நானே எடுத்துக்குவேன்."

ரேக்கின் இரும்புச் சட்டத்திலிருந்து, இழுப்பறை மாதிரித் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு மெஷின் முழு நீளத்துக்கு வெளியே வந்தது. அவள் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் வயரை ரேக்கின் இரும்பில் மாட்டிக்கொண்டாள்.

"என்னக்கா, மாட்டக் கட்டிப்போட்ட மாதிரி?"

"நம்ம உடம்புல இருக்கிற கரண்ட் இது மேல பாஞ்சா தெரியவே தெரியாது. இன்னிக்கு ஓடும், ஆறு மாசம் கழிச்சுச் சாகும்."

"உங்க உடம்புல கரண்ட் வேற இருக்கா? சாப்பிடறதே நாலு வாய்."

மேல்மூடியைக் கழற்றி, காற்றை ஒழுங்காகச் செலுத்துகிற கறுப்புக் கவசத்தைத் தூக்கி வைத்தாள். இரண்டு பிராசஸர், ஒவ்வொன்றின் இருபுறமும் ரேம் ஸ்லாட்டுகள். சிலவற்றின் தாழ்ப்பாள் வெள்ளை, சிலவற்றுக்குக் கறுப்பு. பழைய ரேம் எட்டும் வெள்ளையில் உட்கார்ந்திருந்தன. பார்ப்பவர்கள் காலியாக இருக்கும் கறுப்பில் புதியதைச் செருகிவிட்டால் போதும் என்றுதான் நினைப்பார்கள். கூடாது. கொள்ளளவில் பெரிய புதியது வெள்ளையில் உட்கார வேண்டும், சிறிய பழையது கறுப்புக்கு நகர வேண்டும், இரண்டு பிராசஸருக்கும் பங்கு சமமாக இருக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் சாப்பாட்டுக்கு உட்காரவைப்பது போலத்தான், ஒருவர் இடம் மாறினாலும் இன்னொருவர் எழுந்து போய்விடுவார். பழையவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கறுப்புக்கு மாற்றி, வெள்ளையில் புதியதை இரண்டு கட்டைவிரலாலும் ஒரே பலத்தில் அழுத்தினாள். இரண்டு முனையிலும் தாழ்ப்பாள் தானாக மூடும் சத்தம் கேட்டால்தான் அடுத்தது.

எல்லாம் மூடி, வயரைச் செருகி, பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் அலறின. திரை இருட்டாகவே இருந்தது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம்.

"போயிடுச்சாக்கா?" எக்ஸ்ரேக்காரியின் குரலே இறங்கிவிட்டது.

"எண்ணிட்டிருக்கு. பேசாம இரு."

ஐந்தாவது நிமிடம் எழுத்து வந்தது. பதினைந்துதான் தெரிகிறது, இரண்டாவது பிராசஸரில் ஒன்றைக் காணோம் என்றது. அவள் எல்லாவற்றையும் மறுபடி அணைத்து, உருவி, இழுத்து, திறந்தாள். அந்த ஒன்றின் ஒரு முனை மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தது. கழற்றி, ஊதாமல், துடைக்காமல், நேராகப் பிடித்து மறுபடி உட்காரவைத்தாள். இம்முறை சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. மறுபடி ஐந்து நிமிட இருட்டு. பிறகு முன்னூற்று எண்பத்து நான்கு ஜி.பி. என்று திரையில் வந்தது.

"பாஸா?"

"பாஸ்."

"நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்லக்கா. பல்லு நல்லாத்தான் இருக்கு."

மூன்று மணி நேரம் சோதனை ஓட்டி, ஒரு பிழையும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாளைக்குப் பதினோரு மணிக்கு என்ன செய்வது என்று யோசித்தாள். உட்கார்ந்து டீ குடிக்கலாம். இதைத்தான் அவள் நினைத்தாள், வேறொன்றும் இல்லை.

திங்கட்கிழமை பத்து ஐம்பதுக்குக் கை தானாகப் போனுக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டாள். பதினொன்று ஆயிற்று. பதினொன்றே கால். மெமரி பாதிகூட நிறையவில்லை. நிறைகிற வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள், ராத்திரி சென்டர் மூடின பிறகு அந்தப் புரோகிராம் தானே ஒருமுறை நின்று ஓடினால் போதும். அப்போது டேபிளில் யாரும் இருக்கப்போவதில்லை. அதற்கு ஆளே வேண்டாம், கடிகாரமே போதும். பத்து நிமிடத்தில் அந்த ஏற்பாட்டையும் அவளே செய்து வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு அறைக்குள் வந்தார். மூன்று வருடத்தில் முதல் முறை. வந்த வேகத்தில் சரிந்த கூரையில் இடித்துக்கொண்டார்.

"பிரமாதம் மேடம். மேல டாக்டருங்க எல்லாம் படம் சட்டு சட்டுனு வருதுங்கறாங்க."

"ஆமா சார். இன்னிக்கு நிறுத்தவே இல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வேண்டாம் சார். ராத்திரியில தானே பார்த்துக்கும். ஏற்பாடு பண்ணிட்டேன்." பெருமையாகத்தான் சொன்னாள்.

"அப்ப நீங்க எழுதினது நூத்துக்கு நூறு சரி." கையிலிருந்த உறையிலிருந்து அவளுடைய கடிதத்தை எடுத்தார். கடைசிக்கு முந்தைய வரிக்கு அடியில் சிவப்பில் கோடு போட்டிருந்தது. 'இந்த ஒரு வேலைக்காகவே தினமும் ஒரு ஆள் இங்கே இருக்க வேண்டியிருக்கிறது.' "இதுக்கு முன்னாடி எழுதினதெல்லாம் எனக்கு ஒண்ணும் புரியல. உண்மையச் சொல்றேன். இதைப் பார்த்துத்தான் எனக்கே விளங்குச்சு. மாமாகிட்ட காட்டினேன். ஆளுக்குப் பதிலா ரேம் போட்டா முடிஞ்சுதுன்னாரு."

அவளுக்கு முதலில் காதில் விழுந்தது புத்தியில் ஏறவில்லை. "யாருக்குப் பதிலா சார்?"

அவர் கொடுமைக்காரர் இல்லை. சங்கடப்பட்டார். இடித்த இடத்தைத் தடவிக்கொண்டே பேசினார். வெளியே ஒரு கம்பெனி இருக்கிறது, அங்கிருந்தபடியே பார்த்துக்கொள்வார்கள், ஏதாவது என்றால் ஆள் அனுப்புவார்கள். அடுத்த மாதக் கடைசி வரை அவள் இருக்கலாம். அதுவரை முழுச் சம்பளம்.

"சார், இது மட்டும் இல்ல. பேக்கப் டிஸ்க் மாத்தறேன்..."

"அது அவங்களே வேற மாதிரி பண்ணிக்குவாங்களாம்."

"ஏ.சி. தண்ணி சொட்டுது. பக்கெட் நெறைஞ்சா மெஷினுக்குப் போயிடும்."

"எந்த பக்கெட்?" குனிந்து பார்த்தார். "இதுக்கு ஒரு குழாய் வெச்சு விட்டுடலாமே?"

வைக்கலாம். அவளுக்குமே அது தெரியும். இரண்டு வருடம் முன்பே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றாமல் கொட்டிக்கொண்டே இருந்துவிட்டாள்.

"திரும்ப ரிசப்ஷனுக்கே..."

"இப்ப அங்க டோக்கன் மெஷின்தானே மேடம்." பிறகு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, "நீங்க என்னென்ன பண்றீங்கன்னு ஒரு லிஸ்ட் எழுதிக் குடுத்துடுங்களேன். அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு உதவியா இருக்கும். நீங்க நல்லா எழுதறீங்க" என்றார்.

"எழுதறேன் சார்" என்றாள். வாய்ப் பழக்கம்.

மூன்று மணிக்கு விஷயம் மாடி முழுக்கப் பரவிவிட்டது. எக்ஸ்ரேக்காரி ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நாலு ரேம உருவிடுங்க. பழையபடி பதினோரு மணிக்கு நாக்கு தள்ளட்டும். யாருக்குத் தெரியப்போகுது? நான் கொக்கிய அழுத்தறேன்."

அவள் அதை ஏற்கெனவே யோசித்திருந்தாள். நான்கு போதாது, எட்டையும் எடுக்க வேண்டும். எடுத்தால் நாளைக்கே மாப்பிள்ளை ஓடிவருவார். ஆனால் அந்தக் கம்பெனிக்காரன் வந்து மெஷினின் பதிவேட்டில் ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால், எந்த நாள், எந்த மணிக்கு எது கழன்றது என்று மெஷினே ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிடும். அது ஒன்று. இன்னொன்று, அவள் கைக்கே அது வரவில்லை. இதை நேர்மை என்று அவள் நினைக்கவில்லை. பதினோரு வருடம் ஓட வைக்கவே பழகின கைக்கு ஓடுவதை நிறுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"வேண்டாம்மா. உன் ஆறாம் நம்பர் ரூம்ல ஆள் இருக்கு. நீ போ."

"உங்களுக்குச் சாமர்த்தியமே பத்தாதுக்கா."

"அதான் தெரிஞ்சுபோச்சே."

எக்ஸ்ரேக்காரிக்கு அழுகை வந்துவிட்டது. இவளுக்கு வரவில்லை. மிச்ச நேரம் அந்த லிஸ்ட்டை எழுதினாள். ஒரு பக்கம்கூட வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. வீட்டுக்காரர் கட்டிலில் துவைத்த துணிகளைக் குவித்து, ஒரு கையாலும் முகவாய்க்கட்டையாலும் மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பதினோரு மணிக்கு டீ குடிச்சியா?"

"மெஷின் நல்லா ஓடுது."

"ஓடாம? யாரு போட்டது?"

அவள் எதிரே உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தாள். "அடுத்த மாசக் கடைசியோட போதும்னுட்டாங்க."

"மெஷினையா?"

"என்னை."

அவர் முகவாய்க்கு அடியில் இருந்த போர்வை நழுவிக் கட்டிலில் விழுந்தது. விளையாடுகிறாளோ என்று ஒருமுறை பார்த்தார். அவள் விளையாடுகிறவள் அல்ல என்பது இருபத்தாறு வருடமாகத் தெரிந்த விஷயம்.

"எதுக்காம்?"

"இனிமே ஆள் வேண்டாமாம்."

"எவன் சொன்னான் ஆள் வேண்டாம்னு? பதினோரு வருஷம் உழைச்சிருக்க. ஒரு காரணம் சொல்ல வேண்டாமா? எதை வெச்சு முடிவு பண்ணினாங்களாம்?"

"நான் எழுதின லெட்டரை வெச்சுத்தான். ஒரு வரிக்குக் கீழ கோடு போட்டு எடுத்துட்டு வந்தாரு."

சொல்லியிருக்கக் கூடாது. பஸ்ஸில் வரும்போது சொல்வதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தாள். களைப்பில் வாய் வந்துவிட்டது. அவர் மடிப்பதை நிறுத்தினார்.

"எந்த வரி?"

அவள் துண்டை நான்காக மடித்தாள். ஓரம் சேரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஏம்மா, நான் சொல்லி எழுதின வரியா?"

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த ஒரு சொல்லை நாக்கின் நுனி வரை கொண்டுவந்து வைத்திருந்தாள். அதற்கு மேல் அது நகரவில்லை. ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

அவர் மடித்து வைத்த துணிகளை இடது கையால் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளி, அறையை விட்டு வெளியே போனார்.